மாணவியர் சங்கச் சேர்க்கையில் தரப்புள்ளிகளின் பங்கு

ஐக்கிய அமெரிக்காவின் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் சொரோரிட்டி என அழைக்கப்படும் மாணவியர் சங்கங்கள் இயங்கிவருகின்றன. பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட இச்சங்கங்களில் சேர விரும்பும் மாணவி ஒருவரின் வாய்ப்பை, அவர் பெற்றுள்ள தரப்புள்ளிகள் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சுருங்கக் கூறின், தரப்புள்ளி இங்கு வாயிற்காவலன் போன்றது. வரம்புக்குக் கீழே உள்ளவரைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் அதற்கு உண்டு. வரம்பைக் கடந்தவரை உள்ளே அழைத்துச் சென்று அமரவைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. இவ்வேறுபாட்டை அறியாமல் சேர்ப்பு வாரத்தில் கலந்துகொள்ளும் புதுமுக மாணவியர் ஏமாற்றத்துக்கு உள்ளாவது வழக்கமாக உள்ளது. மறுக்கப்பட்டதற்கான காரணம் எவருக்கும் தெரிவிக்கப்படுவதில்லை என்பதால் இந்த ஏமாற்றம் மேலும் கடுமையானதாகிறது.

பெயரும் தோற்றமும்

சகோதரி என்னும் பொருள்தரும் இலத்தீன் சொல்லில் இருந்து சொரோரிட்டி என்ற சொல் உருவாக்கப்பட்டது. 1874 ஆம் ஆண்டில் சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் தோன்றிய காமா ஃபை பீட்டா சங்கத்துக்காக, அங்கு இலத்தீன் கற்பித்த பிராங்க் சுமாலி என்பவர் இச்சொல்லை முன்மொழிந்தார். அதற்கு முன் தோன்றிய சங்கங்களுக்கு இத்தகைய தனிச்சொல் இல்லாமையால் அவை தம்மைப் பெண்களுக்கான 'ஃபிரட்டேர்னிட்டி' என்றே அழைத்துக்கொண்டன. அவற்றுட் சில இன்றும் தம் முறையான பெயரில் அச்சொல்லையே வைத்துள்ளன.

இவ்வகைச் சங்கங்களின் முன்னோடிகள் 1851, 1852 ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில் இருந்த வெசுலியன் பெண்கள் கல்லூரியில் தோன்றின. முதலில் இலக்கியக் கழகங்களாக இருந்த அவை பின்னாளில் ஆல்ஃபா டெல்ட்டா பை, ஃபை மியூ எனப் பெயர் பெற்றன. 1867 இல் இலினோய் மாநிலத்தின் மான்மத் கல்லூரியில் பை பீட்டா ஃபை தோன்றியது. 1870 இல் இந்தியானா மாநிலத்தில், இன்று டிபோ பல்கலைக்கழகம் என வழங்கும் நிறுவனத்தில் கப்பா ஆல்ஃபா தீட்டாவும், அதே ஆண்டு மான்மத் கல்லூரியில் கப்பா கப்பா காமாவும் நிறுவப்பட்டன.

இச்சங்கங்களுக்கும் தரப்புள்ளிக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ள இக்காலத்தின் சூழலை அறிதல் வேண்டும். ஆண்களுக்கு மட்டுமே உரியவையாக இருந்த கல்லூரிகளில் பெண்கள் அப்போதுதான் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் நுழைந்திருந்தனர். உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று வாதிட்டு, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் முன்னர் பேராசிரியராக இருந்த எட்வர்டு கிளார்க் 1873 இல் வெளியிட்ட நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. இத்தகைய சூழலில் வகுப்பில் ஒரு மாணவி பின்தங்கினால், அது அவருடைய தனிப்பட்ட தோல்வியாக மட்டும் பார்க்கப்படவில்லை. பெண்கல்விக்கு எதிரான சான்றாகவும் காட்டப்பட்டது. ஆகவே படிப்பில் நிலைத்து நிற்கக்கூடியவர்களைச் சேர்த்துக்கொள்வதும், சேர்ந்தபின் ஒருவருக்கொருவர் துணைநிற்பதும் தொடக்ககாலச் சங்கங்களுக்குத் தற்காப்பாக அமைந்தன. இன்றைய குறைந்தபட்சத் தரப்புள்ளி விதி, அந்நோக்கம் மறைந்த பின்னும் எஞ்சி நிற்கும் அதன் வடிவம் எனலாம்.

1902 இல் ஏழு சங்கங்கள் சிக்காகோவில் கூடி அமைத்த கூட்டமைப்பு இன்று தேசிய பான்எல்லெனிக் பேரவை எனப்படுகிறது. பின்வரும் பகுதிகளில் விரித்துரைக்கப்படும் சேர்ப்பு முறை இதன் கீழ் இயங்கும் சங்கங்களுக்கு உரியது. ஆப்பிரிக்க அமெரிக்கச் சங்கங்களின் முறை வேறானது. அது தனியே கூறப்படும்.

தரப்புள்ளிச் சராசரி

அமெரிக்கக் கல்லூரிகளில் பரவலாக வழங்கும் முறையில் ஏ தரத்துக்கு 4, பி தரத்துக்கு 3, சி தரத்துக்கு 2, டி தரத்துக்கு 1, தோல்வியைக் குறிக்கும் எஃப் தரத்துக்கு 0 என மதிப்பு வழங்கப்படுகிறது. ஒவ்வொரு பாடத்தின் மதிப்பையும் அப்பாடத்தின் மணிநேர அலகால் பெருக்கி, மொத்தத்தை அலகுகளின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது தரப்புள்ளிச் சராசரி ஆகும். இதனை ஜி.பி.ஏ. என்று சுருக்கி வழங்குவர்.

எடுத்துக்காட்டாக, ஒரு மாணவி முதற் பருவத்தில் 4 அலகு கொண்ட வேதியியலில் சி, 4 அலகு கொண்ட நுண்கணிதத்தில் சி, 3 அலகு கொண்ட ஆங்கிலத்தில் ஏ, 3 அலகு கொண்ட வரலாற்றில் பி பெற்றதாகக் கொள்வோம். மொத்தப் புள்ளிகள் 37, அலகுகள் 14, சராசரி 2.64 ஆகும். 2.5 வரம்பு வைத்துள்ள சங்கத்துக்கு இவர் தகுதியுடையவர், 2.7 வரம்பு வைத்துள்ள சங்கத்துக்குத் தகுதியற்றவர். நுண்கணிதத்தில் மட்டும் சி தரத்துக்குப் பதிலாக டி பெற்றிருந்தால் சராசரி 2.36 ஆக இறங்கி இரண்டு கதவுகளும் மூடப்பட்டிருக்கும். அறிவியல், பொறியியல் மாணவியருக்கு இந்தக் கணக்கு பாதகமாக அமைவதுண்டு. கடினமான தொடக்கநிலைப் பாடங்கள் அதிக அலகுகளைக் கொண்டவையாக இருப்பதே அதற்குக் காரணம். சராசரியைக் கேட்கும் படிவம், அது எந்தப் பாடங்களால் ஆனது என்று கேட்பதில்லை.

உயர்நிலைப் பள்ளிகளின் கணக்கு மேலும் சிக்கலானது. உயர்நிலைச் சிறப்புப் பாடங்களில் பெறும் ஏ தரத்துக்குப் பல பள்ளிகள் 5 புள்ளி வழங்குகின்றன. ஆகவே 4 என்ற உச்சத்தைத் தாண்டி 4.2, 4.5 போன்ற சராசரிகளும் பதிவாகின்றன. கூடுதல் மதிப்பு வழங்காத பள்ளியில் படித்து 3.8 பெற்ற மாணவியும், அதை வழங்கும் பள்ளியில் படித்து 4.2 பெற்ற மாணவியும் உண்மையில் ஒரே நிலையில் இருக்கலாம். நூற்றுக்கணக்கான படிவங்களை ஓரிரவில் பார்க்கும் மாணவியர் குழு இந்த வேறுபாட்டைக் கவனிக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

வரம்பை வகுப்பவர் யார்

எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவான ஒரே வரம்பு கிடையாது. ஒவ்வொரு சங்கத்தின் தலைமையகமும் தனக்கான குறைந்தபட்சச் சராசரியை வகுக்கிறது. கல்லூரித் தரப்புள்ளிக்கான வரம்பு பெரும்பாலும் 2.5 முதல் 3.0 வரை அமைகிறது. தலைமையகம் வகுத்ததைவிட உயர்ந்த வரம்பைக் கிளைகள் கடைப்பிடிப்பதும் உண்டு. இவற்றுக்கு மேலாகச் சில பல்கலைக்கழகங்களும் சேர்ப்பில் பங்கேற்கத் தம் சொந்த வரம்பை விதிக்கின்றன. ஆகவே ஒரே வளாகத்தில் ஒரே மாணவி ஒரு சங்கத்துக்குத் தகுதியுடையவராகவும் மற்றொன்றுக்குத் தகுதியற்றவராகவும் இருத்தல் இயல்பே.

மாணவர்களின் தரப்புள்ளிகளை அவர்களின் ஒப்புதலின்றி வெளியிடுவதை 1974 ஆம் ஆண்டின் குடும்பக் கல்வி உரிமைகள் மற்றும் தனியுரிமைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. சேர்ப்புக்குப் பதிவு செய்யும்போது தம் தரப்புள்ளிகளைச் சங்கங்களுக்குக் காட்ட மாணவியரிடம் ஒப்புதல் பெறப்படுவது இதனாலேயே ஆகும்.

முதல் வடிகட்டல்

முறைசார் சேர்ப்பு பல சுற்றுகளாக நடைபெறுகிறது. முதற் சுற்றில் பதிவு செய்த மாணவியர் எல்லாக் கிளைகளையும் பார்வையிட்டு, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்கள் உரையாடுவர். பின்வரும் சுற்றுகளில் கிளைகள் தாம் விரும்புவோரை மட்டும் மீண்டும் அழைக்கும். மாணவியரும் தம் விருப்ப வரிசையை அளிப்பர். இறுதியாக நடைபெறும் விருப்பச் சுற்றுக்குப் பின் இருதரப்பு வரிசைகளும் பொருத்தப்பட்டுச் சேர்க்கை அழைப்புகள் வழங்கப்படும். ஒரு கிளை எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்பதற்கு எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான ஒதுக்கீட்டு எண் உண்டு.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிளை எத்தனை பேரை மீண்டும் அழைக்கலாம் என்பதை முந்தைய ஆண்டுகளின் தரவுகளைக் கொண்டு கணக்கிடும் முறையொன்றை 2000-களில் பேரவை பரவலாக்கியது. அதிகமானோர் விரும்பும் கிளைகள் தொடக்கத்திலேயே அதிகமானோரை விடுவிக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. சேர இயலாத ஒரு கிளையை இறுதிவரை நம்பியிருந்து, கடைசி நாளில் ஒன்றும் கிடைக்காமல் மாணவியர் திரும்புவதைக் குறைப்பதே இதன் நோக்கமாகும். நோக்கம் நல்லதே. ஆனால் தரப்புள்ளியின் எடையை மறைமுகமாக இது கூட்டியுள்ளது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 1,000 பேர் பதிவு செய்த வளாகத்தில் புகழ்பெற்ற ஒரு கிளை இரண்டாம் சுற்றுக்கு 400 பேரை மட்டுமே அழைக்கலாம் எனக் கொள்வோம். முதற் சுற்று முடிந்த இரவே அக்கிளை 600 பெயர்களை நீக்க வேண்டும். அப்போது உறுப்பினர்களின் கையில் இருப்பவை சில நிமிட உரையாடலின் நினைவும் பதிவுப் படிவமும் மட்டுமே. நினைவைப் பற்றி வாதிட இடமுண்டு. எண்ணைப் பற்றி வாதிட இடமில்லை. எனவே நீக்கத்தின் முதற்கட்டம் தரப்புள்ளி வரம்புக்குக் கீழே உள்ளவர்களில் இருந்தே தொடங்குகிறது. அம்மாணவியுடன் பேசியவர் அவரை எவ்வளவு விரும்பியிருந்தாலும் இந்நிலையில் அது பயன்படுவதில்லை.

வரம்பை ஒட்டி நிற்போரின் நிலை வேறுவகையில் இடர்மிக்கது. இவர்களைத் 'தரப்புள்ளி இடர்' எனச் சங்க வழக்கில் குறிப்பர். சேர்த்துக்கொள்ள விதி தடையாக இல்லாவிட்டாலும், கிளையின் சராசரியை இவர்கள் தாழ்த்தக்கூடும் என்ற அச்சம் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் பருவந்தோறும் ஒவ்வொரு கிளையின் சராசரியையும், அனைத்து மாணவியரின் சராசரியுடன் ஒப்பிட்டு வெளியிடுகின்றன. அப்பட்டியலில் கீழிறங்கும் கிளை தலைமையகத்தின் கண்காணிப்புக்கு உள்ளாகலாம். எனவே இத்தகையோரில் மிகச் சிலரையே ஒரு கிளை ஏற்கத் துணியும். அந்தச் சில இடங்கள் கிளையில் ஏற்கனவே வலுவான ஆதரவு உடையவர்களுக்கே செல்கின்றன.

தெரிவு குறித்த உரையாடல்கள் மறைவாகக் காக்கப்படுகின்றன. மாணவியருக்கு வழிகாட்டும் சேர்ப்பு ஆலோசகர்கள், அவ்வாரத்தில் தம் சங்கத் தொடர்பைத் தற்காலிகமாக விலக்கிக்கொண்ட மூத்த மாணவியர் ஆவர். அவர்களாலும் காரணம் கூற இயலாது. 2.6 சராசரியுடன் பதிவு செய்த ஒருவர் முதல் நாளிலேயே பெரும்பான்மையான கிளைகளால் விடுவிக்கப்படும்போது, தம் தோற்றத்தையோ பேச்சையோ உடையையோ குறைகூறிக்கொள்வது எளிதில் நேர்கிறது. அவரைப் பற்றிய முடிவு அவர் வாய்திறப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

எக்காலத்துப் புள்ளி

தரப்புள்ளியின் அளவைப் போலவே அது எப்போது பெற்றது என்பதும் வாய்ப்பை மாற்றுகிறது. அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ப்பு ஆகத்து மாதத்தில், வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே நடைபெறுகிறது. அங்கு முதலாண்டு மாணவியருக்குக் கல்லூரித் தரப்புள்ளியே இல்லாமையால் உயர்நிலைப் பள்ளிச் சராசரி கணக்கில் கொள்ளப்படுகிறது. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சேர்ப்பு சனவரி மாதத்துக்கு உரியது. டார்ட்மவுத் கல்லூரியில் இரண்டாம் ஆண்டை எட்டிய பின்னரே சங்கங்களில் சேரலாம்.

தள்ளிவைக்கப்பட்ட சேர்ப்பு மாணவியருக்குச் சூழலைப் புரிந்துகொள்ள அவகாசம் தருகிறது என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு பருவத்தின் நான்கைந்து பாடங்களைக் கொண்டே அவரை அது அளவிடுகிறது. வீட்டை விட்டு முதன்முறையாகப் பிரிந்து, புதிய கற்பித்தல் முறைக்குப் பழகும் அப்பருவத்தில் பள்ளியில் சிறந்து விளங்கியவர்களும் தடுமாறுவதுண்டு. பள்ளியின் நான்காண்டு உழைப்பு அங்கு துணைக்கு வருவதில்லை.

முதலாண்டில் சரிந்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வோருக்கு வேறொரு தடை உண்டு. 30 அலகுகளை முடித்து 2.3 சராசரி பெற்றுள்ள மாணவி, அடுத்த பருவத்தின் 15 அலகுகளைக் கொண்டு மொத்தச் சராசரியை 2.7 ஆக உயர்த்த வேண்டுமாயின், அப்பருவத்தில் 3.5 பெற்றாக வேண்டும். ஒரு பருவத்தில் இறங்கியதை ஒரு பருவத்தில் ஏற்றிவிட முடியாது என்பதைப் பலர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கும்போதே உணர்கின்றனர். மேலும், மூத்த மாணவியரைவிடப் புதுமுக மாணவியரையே பல கிளைகள் விரும்புகின்றன. கிளையில் அதிக ஆண்டுகள் உறுப்பினராக இருப்பர் என்பதே அதற்குக் காரணம்.

முறைசார் சேர்ப்புக்கு வெளியே, இடம் நிரம்பாத கிளைகள் ஆண்டின் பிற காலங்களில் நேரடியாக அழைப்பு விடுக்கும் தொடர்திறப்புச் சேர்ப்பும் உள்ளது. கூட்டம் குறைவாக உள்ளமையால் இங்கு உரையாடலுக்கு நேரம் உண்டு. வரம்பை ஒட்டிய புள்ளி உடையவருக்கு இது ஏற்ற வழி. எனினும் குறைந்தபட்ச விதி இங்கும் தளர்த்தப்படுவதில்லை.

உயர்ந்த புள்ளி பெற்றோர்

வரம்புக்கு மேலே செல்லச் செல்ல தரப்புள்ளியின் பயன் விரைவாகக் குறைகிறது. 3.2 பெற்றவருக்கும் 3.9 பெற்றவருக்கும் இடையே உரையாடலும் அறிமுகமுமே பெரும்பாலும் தெரிவை நிர்ணயிக்கின்றன. தரப்புள்ளியையே முதன்மை அளவுகோலாகக் கொண்ட அமைப்புகள் வேறு உள்ளன. 1776 இல் தோன்றிய ஃபை பீட்டா கப்பா, கிரேக்க எழுத்துப் பெயர்கொண்ட முதல் மாணவர் அமைப்பாக இருந்து, பின்னாளில் கல்விச் சிறப்பைப் போற்றும் கழகமாக மாறியது. சங்கங்கள் அத்தகையவை அல்ல. முன்னாள் உறுப்பினர்களின் பரிந்துரைக் கடிதம், தாயோ தமக்கையோ உறுப்பினராக இருந்த மரபுத் தொடர்பு ஆகியவை நெடுங்காலம் இங்கு செல்வாக்குப் பெற்றிருந்தன. 2020 முதல் பல சங்கங்கள் மரபுத் தொடர்புக்கு வழங்கிய முன்னுரிமையைக் கைவிட்டன.

உயர்ந்த புள்ளியால் எதைச் செய்ய இயலாது என்பதை 2013 ஆம் ஆண்டு அலபாமா பல்கலைக்கழக நிகழ்வு வெளிப்படையாகக் காட்டியது. கறுப்பின மாணவர்களின் நுழைவைத் தடுக்க ஆளுநர் ஜார்ஜ் வாலசு 1963 இல் அப்பல்கலைக்கழகத்தின் வாயிலில் நின்று சரியாக 50 ஆண்டுகள் கழிந்திருந்தன. உயர்நிலைப் பள்ளியில் 4.3 சராசரியும் வகுப்பில் இரண்டாம் இடமும் பெற்றிருந்த ஒரு கறுப்பின மாணவிக்கு அவ்வாண்டுச் சேர்ப்பில் எந்தச் சங்கமும் அழைப்பு வழங்கவில்லை. மாணவர் நாளிதழான 'கிரிம்சன் வைட்' செப்டம்பர் மாதத்தில் இதனை வெளியிட்டது. தாங்கள் அவரைச் சேர்க்க விரும்பியதாகவும், முன்னாள் உறுப்பினர்கள் தலையிட்டுத் தடுத்ததாகவும் சங்க உறுப்பினர்கள் சிலர் அவ்விதழிடம் கூறினர். மாணவர்களும் ஆசிரியர்களும் வளாகத்தில் ஊர்வலம் சென்றனர். அப்போதைய பல்கலைக்கழகத் தலைவர் ஜூடி போனர், தொடர்திறப்பு முறையில் சேர்ப்பை மீண்டும் நடத்துமாறு சங்கங்களுக்கு உத்தரவிட்டார். அதன் பின் கறுப்பின மாணவியர் பலருக்கு அழைப்புகள் வழங்கப்பட்டன.

இந்நிகழ்வுக்குத் தரப்புள்ளி பற்றிய ஆய்விலும் இடமுண்டு. காரணம் கூறப்படாத ஒரு முறையில், மறுக்கப்பட்டவரின் புள்ளி குறைவாக இருந்தால் அதுவே காரணம் என எல்லோரும் எண்ணிக்கொள்வர். புள்ளியில் குறைகாண இயலாத ஒருவர் மறுக்கப்பட்டபோதே மற்ற காரணங்கள் வெளியே தெரிந்தன.

ஆப்பிரிக்க அமெரிக்க, தெற்காசியச் சங்கங்கள்

1930 இல் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட தேசிய பான்-எல்லெனிக் மன்றத்தில் நான்கு மாணவியர் சங்கங்கள் உள்ளன. அவை ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா (1908), டெல்ட்டா சிக்மா தீட்டா (1913), சீட்டா ஃபை பீட்டா (1920), சிக்மா காமா ரோ (1922) என்பனவாகும். இவற்றில் பல சுற்று விருந்துகளோ கணினிப் பொருத்தமோ இல்லை. கல்லூரியில் குறிப்பிட்ட அளவு அலகுகளை முடித்த பின்னரே விண்ணப்பிக்க இயலும் என்பதால் பள்ளிப் புள்ளிகளுக்கு இங்கு இடமில்லை. கல்லூரியின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலும் சமூகத் தொண்டுக்கான சான்றும் கேட்கப்படுகின்றன. பட்டம் பெற்ற பின்னும் உறுப்பினராகச் சேர வழியுண்டு என்பது இச்சங்கங்களின் சிறப்பாகும். மாணவப் பருவத்தில் புள்ளியால் வாய்ப்பிழந்தவருக்கு இங்கு கதவு முற்றாக மூடப்படுவதில்லை.

தெற்காசியப் பின்னணி கொண்ட மாணவியருக்காக 1998 இல் டெக்சாசு பல்கலைக்கழகத்தின் ஆசுட்டின் வளாகத்தில் கப்பா ஃபை காமாவும், ஊசுட்டன் பல்கலைக்கழகத்தில் டெல்ட்டா ஃபை ஒமேகாவும், நியூயோர்க்கின் புனித ஜான் பல்கலைக்கழகத்தில் சிக்மா சிக்மா ரோவும் தோன்றின. உறுப்பினர் எண்ணிக்கையில் சிறியவையாகிய இவற்றிலும் குறைந்தபட்சச் சராசரி விதி உண்டு.

சேர்ந்த பின்

அழைப்பைப் பெற்றதோடு தரப்புள்ளியின் ஆட்சி முடிவதில்லை. உறுப்பினராக நீடிப்பதற்கும் குறைந்தபட்சச் சராசரி உண்டு. அதற்குக் கீழே இறங்குவோர் விருந்துகளில் பங்கேற்கவும் பதவி வகிக்கவும் தடைசெய்யப்படலாம். கட்டாயப் படிப்பு நேரங்களும் அவர்களுக்கு விதிக்கப்படலாம்.

சங்கங்களில் சேர்வது புள்ளியை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா என்பது நெடுங்கால விவாதம் ஆகும். சங்க மாணவியரின் சராசரி பிற மாணவியரின் சராசரியைவிட உயர்ந்திருப்பதைப் பல வளாகங்களின் அறிக்கைகள் காட்டுகின்றன. ஆனால் குறைந்த புள்ளி உடையோரை வாயிலிலேயே நிறுத்திவிட்டு எடுக்கும் சராசரி உயர்ந்திருப்பதில் வியப்பில்லை. ஒகையோவின் மயாமி பல்கலைக்கழகப் பொருளியலாளர்களான வில்லியம் ஈவன், ஆசுட்டின் சிமித் ஆகியோர் இச்சிக்கலைக் கடக்க அந்த வரம்பையே கருவியாகப் பயன்படுத்தினர். வரம்புக்குச் சற்று மேலே நின்றவர்களும் சற்றுக் கீழே நின்றவர்களும் ஏறக்குறைய ஒரே தன்மையினர். ஒரு சாரார் ஆண், பெண் சங்கங்களில் சேரத் தகுதி பெற்றனர், மறுசாரார் பெறவில்லை. இவ்விரு சாராரின் பிற்காலத்தை ஒப்பிட்ட அவர்களது ஆய்வு, சங்கத்தில் சேர்வது தரப்புள்ளிகளை 0.1 முதல் 0.3 நியமவிலகல் வரை தாழ்த்துகிறது எனக் கண்டறிந்தது. முன்னாள் சங்க உறுப்பினர்கள் பிறரைவிட அதிக வருவாய் ஈட்டுவதாகக் கூறப்படுவதுண்டு. அது சங்கத்தில் சேர்ந்ததன் விளைவு என்பதற்கு அவ்வாய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை.